பயப்பட வேண்டாத ஓட்டை

காட்பாடியில் ஸ்கேன் பார்க்கிறேன். 20 வாரக் கர்ப்ப ஸ்கேனில் எனக்குப் பிடித்த இடம் பாப்பாவின் இதயம்தான். நாலு அறையும் தெரிய வேண்டும். மார்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு, நுனி இடப்பக்கம் சுமார் 45 டிகிரி சாய்வு.

மேல் அறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கும் என்றதும் குடியாத்தத்து மாமியார் ஒருவர் பதறிவிட்டார்.

"அது இருந்தாதாம்மா நல்லது. நுரையீரலுக்கு இப்போ மூச்சு வேலை இல்லை, ரத்தம் அந்த வழியாத்தான் இடப்பக்கம் போகுது. பிறந்த அப்புறம் பெரும்பாலும் தானா மூடிக்கும்."

அதன் மெல்லிய மடல் இடப்பக்கமாகப் படபடத்தால் எனக்கு நிம்மதி. துடிப்பு நிமிடத்துக்கு 148, 110 முதல் 160 வரை சரிதான்.

இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் மட்டும் சிக்கவில்லை, பாப்பா குப்புறப் படுத்திருந்தது. மருமகளை நடந்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்ததும் இரண்டு குழாயும் சரியானபடி ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டுவது பளிச்சென்று தெரிந்தது.