குதிரைக்குப் புரியாத எழுப்புதல்

விசுவாசத்தைத் தட்டியெழுப்ப சபைகளில் நடத்துகிற எழுப்புதல் கூட்டம் என்றால் முன்வரிசையில் போய் உட்காருகிற ஆள் நான். கடைசிப் பாட்டு வரும்போது கண்ணீர் தானாக வரும், கையை உயர்த்தி என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பேன், வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் வாசலில் யாரோ செருப்பைக் குறுக்கே விட்டதற்காகக் கத்திக்கொண்டிருப்பேன். இப்படி எத்தனை முறை ஒப்புக்கொடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

1904-ல் பிரிட்டனின் வேல்ஸில் நடந்த எழுப்புதலைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதில் முன்னின்ற பிரசங்கியார் இவான் ராபர்ட்ஸுக்கு அப்போது 26 வயது; சிறுவனாக இருந்தபோதே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். எவ்வளவு கூட்டம், எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டார்கள் என்பதைத்தான் எல்லோரும் அழுத்திச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது குதிரைக் கதை. சுரங்கத்துக்குள் கரி வண்டி இழுத்த குதிரைகள் கெட்ட வார்த்தை கேட்டே பழகியவை, மனம் மாறிய தொழிலாளிகள் திட்டுவதை நிறுத்தியதும் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் அப்படியே நின்றுவிட்டனவாம். கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்த கதையாகக்கூட இருக்கலாம், இருக்கட்டும். என் கண்ணீரைப் பார்த்து எந்தக் குதிரையும் குழம்பியதில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

அறிந்த பாவம் எதையும் அறிக்கையிடாமல் வைத்திருக்கக்கூடாது என்பதுதான் ராபர்ட்ஸ் வைத்த முதல் நிபந்தனை. அதை நான் சவுகரியமாகத் தாண்டிப் போய்விடுவேன். அப்பாவின் வைத்தியச் செலவு முழுவதையும் அண்ணன்தான் கட்டினார். என் பங்கை அப்புறம் தருகிறேன் என்றேன். அந்த அப்புறம் ஆறு வருஷமாக வரவேயில்லை. அவர் இரண்டு முறை கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார், பேசுவதையும்தான். எழுப்புதலுக்காக உபவாசம் இருந்து ஜெபித்தபோதும், அண்ணன் பெயர் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் லூக்கா சுவிசேஷம் 19-ம் அதிகாரம் வாசித்தேன், நூறு முறை வாசித்த அதே சகேயு, வரி வசூலித்துப் பணக்காரனானவன். பணத்தைப் பற்றி இயேசு அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதாக அங்கே எழுதியில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்பத் தருகிறேன் என்று அவனே எழுந்து நின்று சொல்கிறான். வேதாகமத்தை மூடிவிட்டேன். நான் வழக்கமாக அழுகிற ஆள், அன்றைக்கு அழுகை வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது. நாலத்தனை என்ன, வாங்கிய அளவையே கொடுக்காதவன் நான்.

போன் எடுத்துப் பேச மூன்று நாள் ஆனது. "அண்ணா, நான் உங்களை ஏமாத்திட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். பைசா சுத்தமாகச் சொன்னேன். மறந்துவிட்டது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட தொகை.

மாதாமாதம் கட்டுகிறேன், இன்னும் நான்கு தவணை பாக்கி. அண்ணன் முன்பு போல் பேசுவதில்லை, பணம் வந்ததும் "வந்துச்சு" என்று ஒரு வார்த்தை அனுப்புகிறார். கோபம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் செருப்பு மறுபடியும் வாசலில் குறுக்கே கிடந்தது, நான் குனிந்து ஓரமாக எடுத்து வைத்தேன். என் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு, நான் எப்போது கத்தப் போகிறேன் என்று பார்த்தபடி நின்றாள்.