அம்மி ஓரிடம் குழவி ஓரிடம்: ஆதிச்சநல்லூர் தாழிகள் போன வழி

ஆதிச்சநல்லூர் பேச்சை எடுத்தாலே நம்ம பக்கத்தில் யாராவது ஒரு அண்ணாச்சி "எல்லாத்தையும் ஜெர்மனிக்காரன் அள்ளிட்டுப் போயிட்டாம்லா" என்று ஆரம்பித்துவிடுவார். பொய்யில்லை. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகர், திருநெல்வேலி கலெக்டர் கூடவே நிற்க, தாமிரபரணிக் கரையில் இருக்கிற அந்தச் செம்மண் பரம்பை, அதாவது பழங்காலத்து ஈமக்காடு இருந்த மேட்டைத் தோண்டினார். பானை சட்டிகள், இரும்பு ஆயுதங்கள், எலும்பு, மண்டை ஓடு என்று கிடைத்ததெல்லாம் கப்பலேறி பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒளிவு மறைவு எதுவும் இல்லை. ஆட்சியில் இருந்தவர்களே பக்கத்தில் நின்று பார்த்த காரியம்.

ஆனால் 'போயிருச்சு, போயிருச்சு' என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. போனது ஒரு நஷ்டம், பிரிந்து போனது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஜாகருக்குப் பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ, 1899-இலிருந்து 1905 வரை அங்கே தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவர் வேலை செய்துகொண்டிருந்த அதே காலத்தில், 1904 வாக்கில், லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சுக்காரரும் வந்தார். நரம்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்து பின்னாளில் பெயர் வாங்கிய அதே லாப்பிக்தான். அவரும் கொஞ்சம் தோண்டி, கிடைத்ததை பாரீசுக்குக் கொண்டுபோனார். ஆக, ஒரே பரம்பு, ஒரே சனங்களின் ஈமக்காடு, சாமான்கள் மட்டும் மூன்று ஊர்களில். பாகம் பிரிக்கும்போது அம்மியை மூத்தவனுக்கும் குழவியை இளையவனுக்கும் கொடுத்தால் யாரும் அரைக்க முடியாது, அப்படித்தான் ஆகிவிட்டது இது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரீ எழுதி வைத்த ஒரு குறிப்பைப் பாருங்கள். தாழிகளின் (இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள்) பக்கத்தில் கிடைத்த வாள், ஈட்டி போன்ற இரும்பு ஆயுதங்கள் பல, முனை கீழ்நோக்கி இருந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோல் தெரிகிறது என்கிறார். எனக்கு இதைப் படித்ததும் அங்கே கிடைத்த தங்கப் பட்டங்கள் கூட இரண்டாம்பட்சமாகிவிட்டன. (அவையும் சாதாரணமில்லை. மெல்லிய தங்கத் தகடு, நடுவில் அகலமான நீள்வட்டம், இரண்டு பக்கமும் ஒடுங்கி நீளும் பட்டை, சிலவற்றில் புள்ளி வைத்துக் குத்திய கோலம். நெற்றியில் கட்டியிருப்பார்கள் என்கிறார்கள்.) ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இறந்து, வந்தவர்கள் ஈட்டியைத் தலைகீழாகக் குத்திவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள் என்பது, அந்த ஈட்டி எந்தத் திசையில் இருந்தது என்று ஒருவர் நின்று பார்த்து எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது. அதே ஈட்டியைக் கழுவித் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டால் அது வெறும் இரும்பு. இப்போது அங்கேயே தோண்டிய குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டுத் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள், 2023-இல் திறந்தது. திருச்செந்தூர் போகிறவர்கள் கட்டாயம் இறங்கிப் பாருங்கள், தாழியும் மண்ணும் சேர்ந்து இருந்தால் என்ன தெரியும் என்பது அங்கே நின்றால் புரியும்.

இது ஆராய்ச்சிக்காரர்கள் செய்தது என்றால், வியாபாரிகள் செய்தது இன்னும் தெளிவானது, ஏனென்றால் அவர்களுக்குப் பிரித்தால்தான் லாபம். காஞ்சிபுரம் பக்கத்து யோகினி என்ற பெண் தெய்வங்களின் சிலைகளின் கதை இதற்குச் சாட்சி. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, ஒரே கோயிலுக்காகச் செய்த தொகுதி. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரெய், பல்லவர் வரலாற்றுக்கு உண்மையிலேயே நிறைய உழைத்தவர், அவர்தான் 1920-களில் இவற்றைத் திரட்டி பாரீசில் இருந்த சி.டி.லூவுக்கு அனுப்பினார். லூ சீனாவில் பிறந்து பாரீசில் கடை போட்டு, ஆசியக் கலைப்பொருட்களை அமெரிக்கா வரைக்கும் விற்ற பெரிய கை. பாரீசில் சிவப்பு நிறத்தில் சீன அடுக்குக் கோபுரம் (பகோடா) மாதிரியே கடை கட்டியவர். அவர் கைக்கு வந்த பிறகு தேவிகள் ஒவ்வொருத்தியாக ஒவ்வொரு ஊருக்குப் போனார்கள். இன்று லண்டன், பாரீஸ், வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், கான்சஸ் சிட்டி, டொரொண்டோ என்று கிடக்கிறார்கள், சென்னையிலும் உண்டு. வட்டமாகவோ வரிசையாகவோ கூடி உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். அந்தக் கோயில் எங்கே நின்றது என்பதே இன்றுவரை உறுதியாகவில்லை.

மதுரைக்கும் ஒரு கதை உண்டு. 1912-இல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி தேனிலவுப் பயணத்தில் மதுரைக்கு வந்து, மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த கல்தூண்களை விலைக்கு வாங்கினார். 1919-இல் அவர் இறந்தபின் குடும்பத்தார் அவர் நினைவாகவே பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே மண்டபமாகவே நிறுத்தியிருக்கிறார்கள். சேர்ந்தாவது இருக்கிறதே என்று எனக்கு அதில் ஓர் ஆறுதல். ஆனால் எந்தத் தூண் எங்கே நின்றது என்பதைப் பிற்பாடு வந்த அறிஞர்கள் ஆராய்ந்துதான் ஊகிக்க வேண்டியிருந்தது.

சட்டம் இருந்ததா என்று கேட்பீர்கள். 1878-இல் புதையல் சட்டம், 1904-இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் இருந்தன. பழம்பொருள் ஏற்றுமதிக்கென்றே தனியாக ஒரு சட்டம் வந்தது 1947-இல்தான். அதனால் அந்தக் காலத்தில் போனதைத் திருட்டு என்று வழக்குப் போட்டு மீட்பது லேசில் நடக்காது.

இதை நம்ம கல்லிடைக்குறிச்சி நடராஜரோடு வைத்துப் பாருங்கள். குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் திருடுபோனவர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருந்து, 2019-இல் ஊர் திரும்பினார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958-இல் எடுத்து வைத்த புகைப்படம்தான் இவர் அவர்தான் என்று நிரூபிக்கக் கைகொடுத்தது. ஒரு புகைப்படம், ஒரு குறிப்பு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆகவே ஆதிச்சநல்லூர் விஷயத்தில் 'திருப்பிக் கொடு' என்ற குரலுக்கு நான் எதிரி இல்லை, ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பெர்லினில் உள்ளது, பாரீசில் உள்ளது, எழும்பூரில் உள்ளது, அப்புறம் 2004-க்குப் பிறகு தொல்லியல் துறை தோண்டியெடுத்தது எல்லாவற்றையும் படத்தோடு, அளவோடு ஒரே பட்டியலில் கொண்டுவர வேண்டும், அதைத் தமிழிலும் போட வேண்டும். மூன்று அரசுகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் யார் நிலமும் கைமாற வேண்டியதில்லை, யார் மானமும் போக வேண்டியதில்லை. பெர்லின் அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பை ஏற்கெனவே இணையத்தில் ஏற்றி வருகின்றன. ஜெர்மனியிலும் பிரான்சிலும் படிக்கிற, வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். ஜாகர் கொண்டுபோனதில் என்னென்ன இப்போது இருக்கிறது என்று முறையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், வரும் பதிலை எல்லாரும் பார்க்கிற மாதிரி போடுங்கள்.