ழகரத்துக்கு 22 நாள்

என் மகள் பெயர் யாழினி. அந்தப் பெயரில் இருக்கும் ழகரத்துக்காக நான் 22 நாள் அலைந்தேன். படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த கதையை எழுதித் தரும்படி பெங்களூர் மர்ஃபி டவுன் பெண்கள் சிலர் கேட்டபோது, வேறு எங்கிருந்தும் தொடங்கத் தோன்றவில்லை.

என் கணவர் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் 26 ஆண்டு இருந்து, 2024 மே மாதக் கடைசியில் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். சொந்த ஊர் வேலூர் பக்கம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எம்.இ.ஜி. (மெட்ராஸ் என்ஜினியர் குரூப், சாப்பர்ஸின் அதிகாரப்பூர்வப் பெயர்) மையத்தில்தான் பயிற்சி பெற்றார். அந்தப் படைப்பிரிவில் ஜவான்கள் எல்லோருக்குமே செல்லப்பெயர் ‘தம்பி’தான். தலை நரைத்து வீட்டுக்கு வந்த பிறகும் அவர் தம்பிதான். அவர் ஜம்முவிலும் அசாமிலும் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், நானும் இரண்டு பிள்ளைகளும் பெங்களூரிலேயே தங்கிவிட்டோம். ஆகவே வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டிய காகித வேலை எல்லாம் எப்போதும் என் தலையில்தான்.

அவர் ஓய்வு பெற்ற அதே ஆண்டில் யாழினிக்கு சி.இ.டி. நுழைவுத் தேர்வு மூலம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. இனிப்பு கொடுக்கப் போன வீட்டில் எல்லாம் ஒரே கேள்வி: “மிலிட்டரிக்காரர் பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாதாமே?” இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முழுக் கல்விக் கட்டணமும் கிடைக்கும் ஏற்பாடு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. போரில் உயிர் நீத்தவர்கள், காணாமற்போனவர்கள், ஊனமுற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கானது அது. 2017-ல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். பலத்த எதிர்ப்பு கிளம்பவே, 2018 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் சலுகைக்குத் தகுதி பெறாமல் என் கணவர் வீடு திரும்ப வேண்டும் என்றுதான் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் நான் அத்தனை ஆண்டு விளக்கேற்றினேன்.

பணியில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகளின் கல்விப்படி உண்டு. ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாய் என்று இருந்து, 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசு ஆயிற்று. ஆனால் பன்னிரண்டாம் வகுப்போடு அது நின்றுவிடும். கல்லூரிக்கு மாதப் படியாக எதுவும் இல்லை. எங்கள் மாதிரி குடும்பத்துக்கு அதற்குப் பிறகு மிஞ்சியிருக்கும் பெரிய கதவு இந்தப் பிரதமர் உதவித்தொகை ஒன்றுதான். 2006-07-ல் தொடங்கியது. தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து பணம் வருகிறது. டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கும் கேந்திரிய சைனிக் போர்டு, அதாவது மத்திய படைவீரர் வாரியம், நடத்துகிறது. ஆண்டுக்கு 5,500 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் பாதி பெண்கள். பையன்களுக்கு மாதம் 2,500 ரூபாய், பெண்களுக்கு 3,000. மாதக் கணக்கு சொன்னாலும் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகத்தான் தருவார்கள். யாழினிக்கு 36,000 ரூபாய் என்றால் அவள் கல்லூரிக் கட்டணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதிக்கு அவருடைய ஓய்வூதியத் தொகுப்பும் என் நகையும் இருந்தன.

விதிகளைப் படித்தபோது ஓர் உண்மை உறைத்தது. இது முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் மட்டுமானது. அப்பா இன்னும் சீருடையில் இருந்தால் கிடையாது. அதோடு, முதலாம் ஆண்டு சேர்ந்தவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். லேட்டரல் என்ட்ரியில், அதாவது டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு விலக்கு உண்டு. இந்த இரண்டு விதியும் சேர்ந்து என்ன செய்யும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் கணவர் மே மாதம் ஓய்வு பெற்றார், மகள் அதற்குப் பிறகு கல்லூரியில் சேர்ந்தாள். எங்களுக்குத் தேதி தானாகப் பொருந்தி வந்ததால் பிறர் கதை கண்ணில் படவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கிடைப்பது வேறு விஷயம். வீரமரணம் அடைந்தவர்களின் பிள்ளைகளில் தொடங்கி ஆறு வரிசை வைத்திருக்கிறார்கள். விருது வாங்காமல், காயம் படாமல், ஒழுங்காக ஓய்வு பெற்ற ஜவான்களின் பிள்ளைகள் கடைசி வரிசை. அதிலும் அதிகாரிகளின் பிள்ளைகள் சேர மாட்டார்கள். கூட்டம் முழுக்க அந்த ஆறாவது வரிசையில்தான் என்பதால் அங்கே மதிப்பெண்தான் பேசும். யாழினி 91 சதவீதம் வாங்கியிருந்தாள். படிப்பும் தொழிற்படிப்பாக இருக்க வேண்டும். பி.ஏ., பி.காம். படிப்பவர்களுக்கு இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை பி.காம். படித்தால் அது படிப்பில்லையா என்று எனக்கு இன்றும் கோபம் வரும், அது கிடக்கட்டும்.

முதல் வேலை, மாவட்ட சைனிக் போர்டில் பதிவு. எந்த மாவட்டத்தில் பதிவு இருக்கிறதோ அந்த வாரியம்தான் கையெழுத்துப் போடும். ஓய்வு பெறும்போது ராணுவம் தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் கணவருக்கு வேலூர் முகவரி, ஆதாரில் பெங்களூர் முகவரி. விசாரிப்பதற்காக ரெசிடென்சி சாலையில் சைனிக் வாரிய அலுவலகம் இருக்கும் கரியப்பா பவனுக்குப் போனேன். அந்தச் சாலைக்கே இப்போது ஃபீல்டு மார்ஷல் கரியப்பா சாலை என்றுதான் பெயர், ஆனால் ஆட்டோக்காரரிடம் ரெசிடென்சி என்றால்தான் வண்டி நகரும். அங்கே ஒரு பெரியவர் கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார்: “நீங்கள் இங்கேதான் குடியிருக்கிறீர்கள், இங்கேயே பதிந்து அடையாள அட்டை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் வேலூருக்கு ரயில் ஏற வேண்டும்.” அன்று எனக்குக் கிடைத்த புத்திமதியிலேயே விலை உயர்ந்தது அதுதான்.

மூன்று படிவங்கள் முக்கியம். அவர் முன்னாள் படைவீரர்தான் என்று வாரியம் கையெழுத்திடுவது முதலாவது. மகள் தன்னிடம் படிக்கிறாள் என்று கல்லூரி தருவது இரண்டாவது. வங்கி தருவது மூன்றாவது. வாரியத்தில் அந்த முதல் படிவத்தை நீட்டியபோதுதான் ழகரம் வந்து நின்றது.

பிள்ளை பிறந்தால் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்று குடும்ப விவரத்தைப் பதியும் ஆணை ஒன்று போடுவார்கள். ராணுவத்தைப் பொறுத்தவரை அதில் பெயர் ஏறிய பிறகுதான் பிள்ளை பிறந்ததாகக் கணக்கு. 2006-ல் யாழினி பிறந்தபோது அவர் வடகிழக்கில் இருந்தார். ழகரத்தை ஆங்கிலத்தில் ‘இசட் எச்’ என்று எழுதுவது நமக்கும் மலையாளிகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். தொலைபேசியில் நான் சொன்னதை அவர் குமாஸ்தாவிடம் சொல்ல, குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ‘எல்’ போட்டுவிட்டார். யாலினி. டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் அதே யாலினி. பள்ளிச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் ‘இசட் எச்’. ஆதாரில் போதாக்குறைக்கு ‘ஏ’ இரண்டு முறை. ஆக, ராணுவத்தில் ஒருத்தி, பள்ளியில் ஒருத்தி, ஆதாரில் ஒருத்தி என்று எனக்கு மூன்று மகள்கள்.

“அம்மா, இந்தப் பெண் உங்கள் பெண்தான் என்று எனக்குத் தெரிகிறது. காகிதத்துக்குத் தெரிய வேண்டாமா?” என்றார் அங்கிருந்த அலுவலர். அவர் சொன்னதில் தவறில்லை. கைக்கு வந்த நாள் முதல் அந்த டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கள் இரும்புப் பெட்டியில் பூச்சி உருண்டையோடு பத்திரமாக இருந்தது. ஒரு நாளாவது திறந்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கலாம்.

ஆதார் திருத்தம் சுலபமாக முடிந்தது. ராணுவப் பதிவுக்குத்தான் நாள் பிடித்தது. நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அவருடைய மனு. எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸ் அலுவலகம் பெங்களூரிலேயே, சிவன் செட்டி கார்டன் பக்கம் இருப்பது எங்கள் நல்ல நேரம். வேறு ரெஜிமென்ட்காரர்கள் வெலிங்டனுக்கோ ஜபல்பூருக்கோ தபால் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் கணவர் அப்போதுதான் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தார். முதல் மாதத்திலேயே விடுப்பு கேட்கத் தயங்கினார். “எல்லையில் நின்றவருக்கு மேனேஜர் முன்னால் நிற்க என்ன பயம்?” என்று கேட்டுத்தான் கிளப்பினேன்.

அங்கே மனுவை வாங்கிப் பார்த்த சுபேதார் சிரித்துவிட்டார். “எனக்கு ஊர் ஆலப்புழை. என் ஊர்ப் பெயரையே சர்வீஸ் முழுக்க ஒருவரும் சரியாக எழுதியதில்லை” என்றார். அதற்குப் பிறகு அவரிடம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் நடைமுறை நடைமுறைதான். கோப்பு மேலே போய்க் கீழே வந்து, திருத்தம் பதிவாகி, நகல் கையில் கிடைத்தபோது 22 நாள் ஓடியிருந்தது. ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் தளத்திலும் குடும்ப விவரத்தில் பெயரைச் சரிபார்க்கும்படி அவரே நினைவுபடுத்தினார்.

கல்லூரிப் படிவத்தில் ஒரு சிறு சறுக்கல். கல்லூரி அலுவலகத்தில் வழக்கமான போனஃபைட் சான்றிதழை அச்சடித்து, துறைத் தலைவர் கையெழுத்தோடு கொடுத்துவிட்டார்கள். அது செல்லாது. போர்டு கொடுத்திருக்கும் படிவத்திலேயே, முதல்வரோ பதிவாளரோ கையெழுத்திட வேண்டும். யாழினி முதலாம் ஆண்டுக்காரி, அலுவலகத்தில் பேசக் கூச்சம். படிவத்தில் அந்த வரிக்கு மஞ்சள் மை அடித்துக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே முடிந்தது.

வங்கியில் அவளுக்கு இருந்தது, சிறுமியாக இருந்தபோது என்னோடு சேர்த்துத் திறந்த கணக்கு. அவளுக்கு 18 முடிந்திருந்ததால் அதைத் தனிக்கணக்காக மாற்றி, ஆதாரை இணைத்து, பிறகுதான் படிவத்தில் முத்திரை வாங்கினோம். அதற்கு ஒரு காலைப் பொழுது போயிற்று.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். அசல் ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், பிறகு அவற்றை வாரியத்துக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். ஜெராக்ஸ் கடைப் பையன் கோப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று மதிப்பெண் பட்டியலின் ஓரத்தை வெட்டிவிட்டிருக்கிறான். கடைசித் தேதிக்கு 9 நாள் இருக்கையில் விண்ணப்பம் திரும்பி வந்தது. சரிசெய்து மறுபடி அனுப்பிய அன்றிரவு, எங்கள் வீட்டில் போர்நிறுத்தம் அறிவித்தது போல் எல்லோரும் எட்டரை மணிக்கே தூங்கிவிட்டோம்.

பிறகு காத்திருப்பு. மாதக்கணக்கில். விண்ணப்பத்துக்குக் கொடுத்த டாக் எண்ணைத் தட்டி நிலவரம் பார்ப்பது, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பது போல அன்றாடப் பழக்கமாகிவிட்டது. தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் வந்தது, ‘இசட் எச்’ போட்டு. கணவர் அந்தப் பக்கத்தை அச்சடித்து டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பணம் அதற்கும் கொஞ்ச நாள் கழித்து வந்தது. அதுவரை கட்டணத்துக்கு அடகு வைத்த வளையலில் ஒன்று திரும்பிற்று. இனி ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீதத்துக்குக் குறையாமல் மதிப்பெண் வாங்கிப் புதுப்பிக்க வேண்டும். கணிதத் தேர்வுக்கு முன்னால் அதை அவளுக்கு நினைவூட்டுவதில்லை என்று நானும் அவரும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.

போன மாதம் எங்கள் மாடிவீட்டு அக்கா வந்தார். அவர் கணவரும் தம்பிதான், இன்னும் பணியில் இருக்கிறார், 2027 மார்ச்சில் ஓய்வு. மூத்த மகள் இந்த ஆண்டு பி.டெக். சேர்ந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். அப்பா பணியில் இருப்பதால் இப்போது விண்ணப்பிக்க முடியாது, அவர் ஓய்வு பெறும்போது அவள் முதலாம் ஆண்டைத் தாண்டியிருப்பாள் என்பதால் அப்போதும் முடியாது. ஏறக்குறைய 25 ஆண்டு வேலை பார்த்தவரின் மகளுக்கு, இரண்டு ஆண்டு முன்பின்னாகப் பிறந்ததால் இல்லை. அக்கா நோட்டை மூடவில்லை. காபியைக் குடித்துவிட்டு, “சரி, சின்னவன் பதினொன்றாவது படிக்கிறானே?” என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவன் 2027-ல் கல்லூரி சேர்வான். அப்பா மார்ச்சில் வீட்டுக்கு வந்திருப்பார். பையன் பெயர் தமிழரசன். இரவு போனில் பேசும்போது, பார்ட் டூ ஆர்டரில் அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்கச் சொன்னேன்.