பெட்டக அறைதான் பாடாய்ப் படுத்தியது

பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை நூலகமாக மாற்றிய குழுவில் வடிவமைப்பு வேலை என்னுடையது. உயரமான கூடத்தைப் பார்த்து எல்லோரும் மலைத்தார்கள். ஆனால் இந்த மாதிரிக் கூடங்கள் எதற்கும் இடம் கொடுக்கும். ஃபிலடெல்ஃபியாவில் ஏதென்ஸின் பழைய பார்த்தினன் கோயிலை மாதிரியாக வைத்து வில்லியம் ஸ்டிரிக்லாண்ட் கட்டிய வங்கி, 1824-இல் முடிந்தது. பிற்பாடு அது சுங்க அலுவலகமானது, இப்போது ஓவியக்கூடம்.

திருட்டுப் பயத்தால் பழைய வங்கிகள் பலவற்றில் வெளிச்சம் மேலிருந்துதான் வரும். லண்டனில் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு 1788 முதல் கட்டடக் கலைஞராக இருந்த ஜான் சோன், வெளிச்சுவரில் ஜன்னலே இல்லாமல் கூரை வழியாகத்தான் ஒளியை இறக்கினார். எங்கள் கூடமும் அப்படித்தான். படிக்க அருமையான வெளிச்சம், கூடவே பயங்கர எதிரொலி. அலமாரிகளின் பின்புறம் கம்பளிப் பலகை வைத்து அதை அடக்கினோம். பணம் வாங்கிய கவுன்டரில் இப்போது புத்தகம் வாங்குகிறார்கள்.

பெட்டக அறைதான் சோதனை. நெருக்கமாகக் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், ஒரே வாசல், காற்றோட்டம் அறவே இல்லை. அதைச் சிறுவர் பகுதியாக்க நிர்வாகக் குழுவுக்கு ஆசை. இரண்டாவது வழி இல்லாமல் கூட்டம் சேரக்கூடாது என்று தீயணைப்பு அதிகாரி மறுத்தார். அவர் சொன்னது நியாயம். சுவரை அறுக்க வைரக்கம்பி ரம்பம் வேண்டும், அதற்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே பழைய பளிங்குத் தளம். செலவுக் கணக்கைப் பார்த்ததும் ஆசை அடங்கியது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறியான, புதுப் பயன்பாட்டை வரவேற்கும் 1964-இன் வெனிஸ் சாசனமும், கட்டட அமைப்பை மாற்றாதே என்றுதான் சொல்கிறது.

கடைசியில் அது அரிய நூல்களின் அறையானது. உள்ளே போவது ஓரிருவர் மட்டும். கம்பி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்து, காற்றுக் குழாய்க்கு மட்டும் துளை போட்டோம். யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளாதபடி பூட்டுப் பொறியைச் செயலிழக்க வைத்து, கதவைத் திறந்தபடியே போல்ட் போட்டு நிறுத்தினோம். அந்தக் கனத்தை வேறு இடத்துக்கு நகர்த்தும் யோசனையே வேண்டாம்.

அப்புறம் ஈரம். பிற்காலத்தில் யாரோ பூசிய, ஈரத்தை வெளியே விடாத சிமெண்டைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, சுவர் காயும் வரை நூல்களை உள்ளே வைக்கவில்லை. இந்தக் காத்திருப்பை அட்டவணையில் முன்பே சேர்த்துவிடுங்கள்.

சாவி தொலைந்த லாக்கர்களைப் பூட்டுக்காரர் திறந்தபோது எல்லோரும் சுற்றி நின்றோம். எல்லாம் காலி. இப்போது வாசகர்கள் அதில் பை வைக்கிறார்கள்.