குக்குரியின் முதுகும் வாயும்

முக்திநாத் யாத்திரைக்குச் சென்று திரும்பிய என் சித்தப்பா, சாளக்கிராமத்தையும் உருத்திராட்சத்தையும் உறவினர் வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, எனக்கென்று காத்மாண்டுவில் வாங்கிய குக்குரிக் கத்தி ஒன்றைத் தனியே எடுத்துத் தந்தார். செம்பனை எண்ணெய் ஆலையின் பட்டறையில் நெடுங்காலம் இரும்போடு புழங்கியவன் நான் என்பதால், “இது கண்ணாடி அலமாரிக்கா, விறகுக்கா? பார்த்துச் சொல்லப்பா” என்று ஒரு கேள்வியையும் சேர்த்தே கொடுத்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையானதன்று. பால்மரம் சீவிய காலத்திலும் சரி, அந்த மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் சரி, கத்தி என்றால் அது இன்ன வேலைக்கு என்றுதான் இங்கே முதலில் கேட்பார்கள்.

காத்மாண்டுவில் சுற்றுலாப் பயணிகள் கூடும் கடைத்தெருக்களில் கிடைக்கும் குக்குரிகளுள் பல, பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. சிங்கத்தலை பதித்த பிடி, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் அலகு, அதில் கோயில் கோபுரமோ மலைச் சிகரமோ கீறிய சித்திரம் என்று அவற்றுக்குச் சில அடையாளங்கள் உண்டு. எனக்கு வந்த கத்தியில் சித்திரம் எதுவுமில்லை. அலகின் பக்கங்களை ஓரளவுக்கே மெருகிட்டிருக்கிறார்கள்; பிடியை ஒட்டிய இடத்தில் சம்மட்டி பட்ட பள்ளங்கள் இன்னும் தெரிகின்றன. அலகின் நீளம் 27 சென்டிமீட்டர். முதுகின் தடிப்பு பிடியருகே 9 மில்லிமீட்டரில் தொடங்கி, வளைவைத் தாண்டியதும் குறைந்துகொண்டே சென்று நுனியில் மெலிகிறது. உறையின்றி எடை 620 கிராம். வயிறு அகன்ற இந்த வடிவத்தைக் கிழக்கு நேபாளத்தின் மலை மாவட்டமான போஜ்பூரின் பெயரால் போஜ்பூரே என்கிறார்கள். ஒல்லியாக, நீண்ட புல்லிதழைப் போல இருப்பதைச் சிருபாத்தே என்கிறார்கள். சிருபாத்தே கண்ணுக்கு அழகு. மரம் வெட்டுவதானால் நான் போஜ்பூரேயைத்தான் எடுப்பேன்.

பிடியைத் தளர்வாகப் பற்றித் தொங்கவிட்டு, பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல், அலகை விரல் முட்டியால் தட்டினேன். ஓசை தெளிவாக வந்து மெல்ல அடங்கியது. உள்ளே விரிசல் இருந்தாலோ, பிடிக்குள் செருகிய அலகின் அடிப்பகுதியான வால் ஆடினாலோ இந்த ஓசை செத்துப் போகும். பிறகு முதுகை ஒரு கண்ணால் நேராக நோக்கியபோது, நுனியருகே இடப்பக்கமாக மிகச் சிறிய சாய்வு இருப்பது தெரிந்தது. கையால் அடித்துச் செய்த ஒன்றில் இந்த அளவு சாய்வைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. வெட்டும்போது அது தெரிவதும் இல்லை.

சித்தப்பாவின் கேள்விக்கு உண்மையான விடையைத் தருவது அரம்தான். தேய்ந்த அரம் ஒன்றை எடுத்து முதுகின்மேல் இலேசாக உரசினேன். உடனே பிடித்து, மினுங்கும் தூளை உதிர்த்தது. அதே அரத்தை அதே அழுத்தத்தில் வயிற்றுப் பகுதியின் விளிம்பில் வைத்தபோது, பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போனது. நுனிக்கு அருகிலும் பிடியை ஒட்டிய விளிம்பிலும் கடினம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. முழுதும் ஒரே எஃகுத் துண்டாக இருக்கும் அலகில், வெட்டு விழும் இடம் கடினமாகவும் மற்றவை மென்மையாகவும் இருக்கின்றன என்றால், யாரோ அதை வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். காட்சிப் பொருளுக்கு இந்த உழைப்பை யாரும் செலவிடுவதில்லை.

இதைச் செய்யும் முறை எளிமையானது; கைப்பழக்கம்தான் அரியது. நேபாளத்துக் கொல்லர்கள் இன்று பெரும்பாலும் பழைய லோரிகளின் வில்தகடுகளை எடுத்துக் கரியுலையில் காய்ச்சி, இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்து அலகை உருவாக்குகிறார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு கரி கலந்த எஃகு அது. சிவக்கக் காய்ச்சித் திடீரெனக் குளிர வைத்தால் கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வந்துசேரும். மெல்ல ஆறவிட்டால் மென்மையாக இருக்கும், அடியைத் தாங்கும். எனவே, அலகு முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தித் தோய்ச்சல் கொடுப்பதற்குப் பதிலாக, நெருப்பிலிருந்து எடுத்த அலகின் விளிம்பின் மேல் மட்டும், மூக்குக் கெண்டியிலிருந்து தண்ணீரை மெல்லிய தாரையாக முன்னும் பின்னும் ஓடவிட்டு ஊற்றுகிறார்கள். விளிம்பு கடினப்படும் அந்தச் சில நொடிகளில் தடித்த முதுகு இன்னும் சூடாகவே இருக்கிறது. அந்தச் சூடு பிறகு விளிம்பை நோக்கி இறங்கி, அதன் நொறுங்கும் தன்மையைத் தணித்துவிடுகிறது. எங்கள் பட்டறையில் இதே வேலைக்கு எண்ணெய்த் தொட்டியும் வெப்பமானியும் கைக்கடிகாரமும் வேண்டியிருந்தன. அங்கே நிறத்தைப் பார்க்கும் கண்ணும், ஊற்றும் கையின் வேகமும் போதுமானவையாக இருக்கின்றன. ஆனால், கை ஒருநாள் போல் இன்னொரு நாள் இருக்காது என்பதால், ஒரே கொல்லரின் இரண்டு கத்திகள்கூட ஒரே தரத்தில் அமைவதில்லை. விலைச்சீட்டைப் பார்ப்பதைவிட அரத்தை வைத்துப் பார்ப்பது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

வீட்டுப் பின்புறத்தில் வெட்டிப் போட்டிருந்த ரம்புத்தான் கிளைகளிலும், காய்ந்த பால்மரக் கட்டை ஒன்றிலும் இதை ஓட்டிப் பார்த்தேன். அலகு நடுவில் முன்னோக்கி வளைந்திருப்பதால் எடை வளைவுக்கு அப்பால் திரண்டு நிற்கிறது; கையை ஓங்கினால் போதும், இறங்கும் வேலையைக் கத்தியே பார்த்துக்கொள்கிறது. வளைவைத் தாண்டிய விளிம்பு மரத்தில் செங்குத்தாக மோதாமல் சாய்ந்து விழுவதால், அடிக்கும் அடியிலேயே அறுப்பும் சேர்ந்துகொள்கிறது. கைக்கட்டை விரல் பருமனுக்குச் சற்று அதிகமான பச்சைக் கிளை ஒரே வீச்சில் போனது. கட்டையில் வெட்டியபோது ஆழமாக இறங்கினாலும் பெரிதாகச் சிக்கிக்கொள்ளவில்லை. விளிம்பின் இரு பக்கமும் புடைத்துக் குவிந்திருப்பதால் மரத்தை அது விலக்கிக்கொண்டே இறங்குகிறது.

இதை வைத்து, நம் பாராங் என்னும் மலாய் வெட்டுக்கத்தியைவிட இது உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. லாலாங் புல்லும் கொடியும் மண்டிய வரப்பைத் துப்புரவாக்கக் குக்குரியை எடுத்தவர் அரைமணி நேரத்தில் குனிந்து குனிந்து முதுகு ஒடிந்து போவார். அதற்கு நீண்டு மெலிந்த பாராங்தான் வேண்டும். நேபாளத்திலும் புல்லறுக்கக் குக்குரியை யாரும் எடுப்பதில்லை, அதற்கு ஹசியா என்னும் அரிவாள் இருக்கிறது. குக்குரி அங்கே விறகு பிளக்கவும், மூங்கில் வெட்டவும், ஆட்டிறைச்சி கொத்தவும், காய்கறி நறுக்கவும் இருக்கிறது. உறையிலிருந்து உருவினால் இரத்தம் காட்டாமல் திரும்பச் செருகக் கூடாது என்ற கதையை எங்கள் தெருவிலும் ஒருவர் சொன்னார். அது உண்மையாக இருந்தால் நேபாளத்தில் ஒரு வீட்டிலும் முள்ளங்கி நறுக்க முடியாது.

பிடியருகே விளிம்பில் வெட்டப்பட்டிருக்கும் சிறு கொக்கிப் பள்ளத்துக்கும் கதைகள் பல. பசுவின் குளம்பு என்பார்கள், சிவனின் சூலம் என்பார்கள், இரத்தம் பிடிக்கு வழியாமல் தடுப்பது என்பார்கள். என் கத்தியில் அந்தப் பள்ளத்தின் உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல் உருட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும் நான் கவனித்தேன். கூர்மையான மூலையிலிருந்துதான் எஃகில் விரிசல் தொடங்கும். அதைத் தெரிந்தவர் கை இது.

பிடி சீசம் மரம். நடுவில் கீறிய வளையம் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் அமர்ந்து, வியர்த்த கையிலும் நழுவாமல் நிறுத்துகிறது. ஆனாலும் என் உள்ளங்கைக்குப் பிடி சற்றுக் குட்டையாகவே இருக்கிறது. நாளெல்லாம் வெட்டினால் கடைசியில் உள்ள அகன்ற பகுதி சுண்டுவிரலின் அடியைப் புண்ணாக்கும் என்று தோன்றுகிறது. அலகின் வால் பிடிக்குள் முழு நீளமும் சென்று, கடைசியில் பித்தளை மூடியைத் துளைத்து வெளியே வந்து, அங்கே அடித்துப் பரப்பப்பட்டிருக்கிறது. உள்ளிருக்கும் இடைவெளியை அடைத்துப் பிடிப்பது அரக்கு. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நம் ஊரில் முக்கியம், ஏனெனில் அரக்கு சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் வைத்தாலும், கொதிநீரில் கழுவினாலும் பிடி ஆடத் தொடங்கும். முன்பக்கப் பித்தளைப் பூணுக்கும் மரத்துக்கும் இடையில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கிறது. இந்தக் கத்தியில் வேலைப்பாடு தளர்ந்த இடம் என்றால் அதைத்தான் சொல்வேன். ஈரம் புகாமலிருக்க அதைத் தேன்மெழுகால் அடைத்திருக்கிறேன்.

இதைச் செய்த கொல்லர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. நேபாளத்தில் இத்தொழில் காமி என்னும் சாதியாரின் கையில் இருக்கிறது, அவர்களுள் பலர் விஸ்வகர்மா என்பதையே குடும்பப் பெயராகக் கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதே விசுவகர்மாவைத் தங்கள் குலமுதல்வராகச் சொல்லும் கம்மாளர், பூணூல் அணிந்து தங்களை உயர்வாக நிறுத்திக்கொண்டவர்கள். அங்கேயோ, நாட்டின் பெருமைக்கு அடையாளமாகிய கத்தியை அடித்துக் கொடுப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டார்கள். 1963-இல் வந்த சட்டத் தொகுப்பு தீண்டாமையை நீக்கியது, 2011-இல் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் அந்த ஒதுக்கல் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. தசைன் திருவிழாவின் நவமியன்று எல்லாக் குக்குரிகளையும் வைத்து வழிபடுகிறார்கள். நாம் பாராங்குக்கும் ஸ்பேனருக்கும் சந்தனமிட்டு ஆயுத பூசை செய்வதும் அதே நவமியில்தான். ஆயுதத்தைத் தொட்டு வணங்குகிற கை, அதை அடித்தவனைத் தொட மறுத்த கணக்கு எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் குக்குரி புதியதன்று. 1947-இல் பிரிட்டன், இந்தியா, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, பிரிட்டிஷ் இந்தியப் படையில் நேபாள வீரர்களைக் கொண்டிருந்த பத்துக் கூர்க்காப் படைப்பிரிவுகளுள் நான்கு பிரிட்டனுக்குப் போயின. 1948 தொடக்கத்தில் அந்த நான்கும் மலாயாவுக்கு வந்தன. அதே ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் தொடங்கி 1960 வரை நீடித்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வெளியே வரிசையாகக் கடந்துபோன கூர்க்காக்களின் இடுப்பில் தொங்கிய கத்தியைப் பற்றிச் சிறுவயதில் நானும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் பக்கத்து வீட்டுத் தாத்தா, நான் உறையிலிருந்து உருவியதும், “கூர்க்கா கத்தியா? முனியாண்டி சாமி கையிலே கொடுத்தாலும் பொருந்தும்” என்றார். அவர் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. முனீஸ்வரர் கோயிலில் நட்டிருக்கும் வீச்சரிவாளின் கூர், அதன் வளைவுக்குள்ளேயே அடங்கி இழுத்து அறுக்கும். குக்குரியின் கூரோ வளைவைத் தாண்டி வயிறாகப் புடைத்துக் கொத்தும்.

உறை, மெல்லிய இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்து எருமைத் தோல் போர்த்தியது. உருவும்போது உறையின் கூர்ப்பக்கத்தை விரல்களால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. தையலைப் பிளந்துகொண்டு விளிம்பு வெளியே வந்து விரலை அறுத்துவிடும். முதுகுப்பக்கத்தைப் பிடித்து, அலகின் முதுகு உறையின் மேற்பக்கத்தை ஒட்டி நழுவும்படி உருவ வேண்டும். நம் ஈரக்காற்றில் தோல் நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும், அதற்குள் கிடக்கும் கரியெஃகு துருவேறும். ஆகவே உறை ஓரிடத்திலும், தையல் இயந்திர எண்ணெய் தடவிய கத்தி வேறிடத்திலுமாக வைத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் போவதால் அதைத் தவிர்த்தேன். வீட்டு வேலியைத் தாண்டி இதை எடுத்துச் செல்லும் எண்ணமும் இல்லை. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்போருக்கு நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறையும் பிரம்படியும் விதிக்கக் கூடியது.

உறையின் பின்புறம் இரண்டு சிறு கத்திகள் செருகியிருக்கும். கூரில்லாத சக்மக், பெரிய அலகின் மடங்கிய விளிம்பை நிமிர்த்த உதவுகிறது. முன்பு சிக்கிமுக்கிக் கல்லில் அடித்து நெருப்பெடுக்கவும் பயன்பட்டது. இதில் வந்திருக்கும் சக்மக் நல்ல கடினம். கூருள்ள கர்தாதான் ஏமாற்றம்: அரம் முழு நீளத்திலும் வெண்ணெயாக இறங்குகிறது, ஒரு மாங்காயைச் சீவுவதற்குள் விளிம்பு மடங்கிவிடுகிறது. பெரிய அலகுக்குத் தோய்ச்சல் கொடுத்தவர் இதைத் தொட்டிருக்க மாட்டார். தேய்ந்த இரம்பத் தகடு ஒன்றை அதே அளவில் தேய்த்து அதற்குப் பதில் செருகும் உத்தேசம் இருக்கிறது. சித்தப்பாவிடம் விறகுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். காட்டு வீட்டுப் பக்கம் சாய்ந்து கிடக்கும் பலாமரத்தைப் பிளக்க அடுத்த வாரமே கேட்டிருக்கிறார்.