ரஃப் நோட்டில் ஆரம்பித்த வேலை

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்திருந்தாள். அவள் மகன் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு நாலு மாதம்தான் இருக்கிறது, பையன் போனும் கையுமாகவே இருக்கிறான், கேட்டால் மாமா மாதிரி கேம் கம்பெனி வேலைக்குத்தான் போவேன் என்கிறானாம். "தம்பி, நீயே அவன்கிட்ட பேசு, நான் சொன்னா ஏற மாட்டேங்குது" என்றாள். பேசினேன். அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு தோன்றியது. மீதிதான் இது.

பத்து வருடத்துக்கு மேலாக கேம் டெஸ்டிங்கில், அதாவது கேம் வெளிவருவதற்கு முன் அதில் பிழை தேடும் வேலையில் இருக்கிறேன். பி.எஃப்., வீட்டுக்கடன் எல்லாம் இந்த வேலையை நம்பித்தான். கேம் விளையாடப் பிடிக்கும் என்பதால்தான் இங்கே வந்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்னை இதில் நிறுத்தி வைத்தது வேறு ஒன்று.

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி கேம் இருந்தது. அந்த வீட்டு அண்ணன் மரியோ என்ற கேமில் ஒரு வித்தை காட்டுவார். 1-2 கட்டத்தின் முடிவில், வெளியே போகிற குழாய்க்கு மேலே உள்ள கற்களை உடைத்து, சுவரை ஒட்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, குனிந்தபடி குதித்தால் மரியோ சுவருக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். அங்கே முதல் குழாயில் இறங்கினால் திரையில் "-1" என்று ஒரு உலகம் வரும். முழுக்கத் தண்ணீர். நீந்தி நீந்திக் கடைசிக் குழாய்க்குப் போனால் மறுபடி ஆரம்பத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். அது உண்மையில் 36-ஆவது உலகம், 36 என்ற எண்ணுக்குத் திரையில் காட்டும் படம் வெறுமையாக இருப்பதால் வெறும் "-1" மட்டும் தெரிகிறது என்பதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அவருக்கு வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை? ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எந்தக் கல்லை உடைத்தேன், எங்கே நின்றேன், எந்தப் பக்கம் திரும்பியிருந்தேன், பத்துத் தடவையில் எத்தனை தடவை வந்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரம், பிழையை எப்படிப் பதிய வேண்டும் என்று எங்கள் குழுத் தலைவரான லீட் சொல்லிக்கொடுத்தார். செய்த படிகள், நடந்திருக்க வேண்டியது, நடந்தது, பத்துக்கு எத்தனை முறை. எனக்கு அந்த நோட்டுப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

சரி, வேலை எப்படி இருக்கும்? ஒரே கட்டத்தை ஆறு வாரம் விளையாட வேண்டியிருக்கும். விளையாடுவது என்றால் ஜெயிப்பதற்கு இல்லை. ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டிப் பார்ப்பது, எங்காவது உள்ளே போகிறதா என்று. மொபைல் கேம் என்றால் ஆட்டத்தின் நடுவே போன் கால் வர வேண்டும், சார்ஜரைப் பிடுங்க வேண்டும், நெட்டை அணைக்க வேண்டும், பணம் கட்டுகிற திரையில் இருக்கும்போதே போனைத் திருப்ப வேண்டும். இதை எல்லாம் விலை குறைந்த நாலைந்து பழைய போன்களிலும் திரும்பச் செய்ய வேண்டும். மறுநாள் காலை புது பில்ட், அதாவது கேமின் திருத்திய வடிவம் வரும், நேற்று சரியாக இருந்தது இன்றும் சரியாக இருக்கிறதா என்று மறுபடி முதலிலிருந்து. எனக்கு இது பிடிக்கும், உண்மையாகவே. ஆனால் விளையாடப் பிடித்த எல்லாருக்கும் இது பிடிக்காது. என்னோடு சேர்ந்தவர்களில் என்னைவிட நன்றாக விளையாடியவர்கள் பலர் ஒரு வருடத்துக்குள் போய்விட்டார்கள். முதல் கம்பெனியில் ஒப்பந்த வேலைதான். ப்ராஜெக்ட் முடிந்ததும் ஒரே மெயிலில் எங்களை அனுப்பிவிட்டார்கள், மூன்று மாதம் சும்மா இருந்தேன். அதையும் பையன் தெரிந்துகொள்ளட்டும்.

விளையாடப் பிடித்தால் மட்டும் போதுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் சடோஷி தஜிரியைப் பற்றிச் சொல்வேன், போக்கிமான் கேமை உருவாக்கியவர். சின்ன வயதில் டோக்கியோவின் புறநகர் மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்தவர், அப்புறம் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேம் வந்ததும், காசு போட்டு விளையாடுகிற ஆர்கேடே கதி என்று ஆனவர். நிறையப் பேர் அப்படித்தான் கிடந்தார்கள். அவர் கூடுதலாக ஒன்று செய்தார். கேம்களின் நெளிவு சுளிவுகளைக் கையால் எழுதி, நகல் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, 1983-இல் 'கேம் ஃப்ரீக்' என்று ஒரு பத்திரிகையாக விற்றார். அதைக் கடையில் பார்த்துவிட்டுப் படம் வரைய வந்து சேர்ந்தவர்தான் கென் சுகிமோரி, போக்கிமான்களுக்கு உருவம் கொடுத்தவர். எழுதி எழுதி, நாமே செய்தால் என்ன என்ற இடத்துக்கு வந்து, 1989-இல் அதே பெயரில் கம்பெனி தொடங்கினார்கள். போக்கிமான் வெளிவந்தது 1996 பிப்ரவரி 27. ஏறக்குறைய ஆறு வருட உழைப்பு.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் மியூ. கேம் எல்லாம் முடிந்து, பிழை தேடுவதற்காக உள்ளே வைத்திருந்த நிரல்களை எடுத்த பிறகு சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. அதன் புரோகிராமர் ஷிகேகி மோரிமோட்டோ அந்த இடத்தில் 151-ஆவது போக்கிமானாக மியூவை நுழைத்துவிட்டார். சோதனை முடிந்த பிறகு கை வைப்பது! டெஸ்டராக என்னால் அதை ஏற்கவே முடியாது, ரசிகனாக அந்த மனுஷனைக் கும்பிடத் தோன்றுகிறது.

என் வாழ்க்கையில் திருப்பம் வந்தது தமிழால். சில வருடங்களுக்கு முன் நாங்கள் சோதித்த ஒரு மொபைல் கேமைத் தமிழிலும் கொண்டு வந்தார்கள். திறந்தால், 'செல்' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. கணினி சேமிக்கும்போது முதலில் மெய், அப்புறம்தான் கொம்பு. திரையில் காட்டும்போது அதை முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த கேமின் எழுத்துக் காட்டும் பகுதி அதைச் செய்யவில்லை. நான் பதிந்து அனுப்பிய பிழை, மொழிபெயர்ப்பில்தான் தப்பு என்று திரும்பி வந்தது. அன்று இரவு உட்கார்ந்து எழுதினேன். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசைகளில் கொம்பு வரும், 18 மெய்களோடு சேர்த்தால் 108 எழுத்து, அதாவது 216 உயிர்மெய்யில் சரிபாதி தப்பாகத் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் எப்படி வர வேண்டும், எப்படி வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டு அனுப்பினேன். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாத புரோகிராமர் அதை வைத்தே சரிசெய்தார். அதற்குப் பிறகு இந்திய மொழி வேலை எது வந்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். இன்று என் கீழ் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள்.

மருமகனிடம் சொன்னது இதுதான்: முதலில் பத்தாவதை ஒழுங்காக முடி. காலேஜில் எதைப் படித்தாலும் பரவாயில்லை, நடந்ததை இன்னொருவருக்குப் புரிகிற மாதிரி தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதப் பழகு. லீவில் கேம் செய்கிற மென்பொருளான கோடோட்டைப் போட்டுப் பார், இலவசம்தான், ஒரு பந்து குதிக்கிற அளவுக்காவது செய். இப்போதைக்கு ஒரு வாரம் மட்டும், விளையாடும்போது எது தப்பாகப் போனாலும் நோட்டில் எழுது.

நேற்று வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஒன்பது வரி. ஆறு வரிகளில் வெறும் "லேக் ஆகுது". ஐந்தாவது வரி மட்டும் நீளமாக இருந்தது: பைக் ரேஸில் கடைசி வளைவில் கால் வந்தால் எடுத்துப் பேசிவிட்டு வரணும், வந்தால் வண்டி ஓடுது, நேரம் ஓடல, பத்துக்கு ஏழு தடவை. அக்காவை விட்டு எனக்குப் போன் செய்யச் சொல்லி, அதே கேமில் முயன்று பார்த்தேன். இரண்டாவது தடவையிலேயே வந்துவிட்டது.