தண்ணீர் மெத்தைக்கு இடம் இருந்தது

ஃபின்லாந்து அரசியல்வாதி ரீத்தா உவோசுகைனென் பற்றி நான் எழுதிய கட்டுரையில் 'ஆசிரியை' என்ற சொல் பத்தி தவறாமல் வந்திருந்தது. மெய்ப்புத் திருத்துநர் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: "இவர் அமைச்சராக இருந்தபோது ஆசிரியர்கள் என்ன ஆனார்கள்?" அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கேட்காமல் இருப்பாரா?

என்ன ஆனார்கள் என்பது எனக்குத் தெரியும். இமாத்ரா நகரில் தாய்மொழிப் பாடம் நடத்திய ரீத்தா, 1983இல் நாடாளுமன்றத்துக்குப் போய் 1991இல் கல்வி அமைச்சரானார். சோவியத் வணிகம் அறுந்து, வங்கிகள் ஆட்டம் கண்டு, ஃபின்லாந்தின் பொருளாதாரம் படுத்துவிட்ட நேரம். கையில் காசில்லாத நகராட்சிகள் ஆசிரியர்களைத் தற்காலிகமாகச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பின. ஒன்றரை வரியில் இதைச் சேர்த்தேன்.

"பக்கம் நிரம்பிவிட்டது. இது போகட்டும், அல்லது மெத்தை போகட்டும்" என்றார் பொறுப்பாசிரியர்.

1994இல் அந்நாட்டின் முதல் பெண் சபாநாயகரான ரீத்தா, பதவியில் இருக்கும்போதே 1996இல் கடிதங்களாக ஒரு நினைவுநூல் வெளியிட்டார். கணவருடனான படுக்கையையும் தண்ணீர் மெத்தையையும் அதில் எழுத, நாடே அதைப் பேசியது. மெத்தையை வைத்துக்கொண்டேன். பரபரப்புக்காக அல்ல, மொழி கற்பித்த ஒருவர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டு தன் மொழியில் மனம்போல எழுதினார் என்பது அவரை நன்றாகவே காட்டுகிறது. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றரை வரியை நீக்கியதற்கும் நியாயம் இருந்தது. சம்பளத்தை நிறுத்தியவை நகராட்சிகள். 1993 முதல் அரசு மானியம் மொத்தத் தொகையாகவே போனது. எங்கே செலவழிப்பது, எங்கே வெட்டுவது என்பது அவற்றின் முடிவு. இத்தனையும் ஒன்றரை வரியில் அடங்காது. அடங்காததைத் திணித்தால் பழி முழுவதும் ஒருவர் தலையில் விழும்.

வாதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடநூல்களுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி 1992இல் ஒழிந்ததை, 'ஆசிரியரை நம்பிய ஆசிரியை' என்று தயங்காமல் அவர் கணக்கில் வரவு வைத்தேனே. அதற்கும் பலர் காரணம்தான். நல்லதற்கு மட்டும் ஒரு வரி எப்படிப் போதுமானதாக இருந்தது?

இதழ் வந்தபின் மெய்ப்புத் திருத்துநரிடம் நகராட்சிக் கதையை விளக்கினேன். "நகராட்சிகள் அனுப்பின என்றே எழுதியிருக்கலாமே, சார்."

"அதில் அமைச்சர் எங்கே வருகிறார்?"

"அதை வாசகர் கேட்டுக்கொள்வார்."

அப்படிக் கேட்க வைப்பதும் ஒருவகையில் பழி சுமத்துவதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். 2000 அதிபர் தேர்தலில் மூன்றாவதாக வந்த ரீத்தாவின் வாக்குச் சரிவுக்கு மெத்தையே காரணம் என்று வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். ஆசிரியர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை என்கிறார் மெய்ப்புத் திருத்துநர்.